அந்த மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா?

என் தையல் கடை அளவு நோட்டை முன்பக்கமிருந்து புரட்டினால் ஜாக்கெட் அளவுகள் இருக்கும். உயரம், மார்பு, கை நீளம், கழுத்து இறக்கம். பின்பக்கமிருந்து புரட்டினால் ஊகங்கள். வியாழக்கிழமை ராத்திரி தொடர்கதையின் அடுத்த பகுதியை வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன்னால், யார் எந்த இடத்தில் கொதிப்பார்கள், யார் அழுவார்கள், எந்த வரியை யார் சொல்லிக்காட்டுவார்கள் என்று நாலைந்து வரி எழுதி வைத்துவிடுவேன். போட்ட பிறகு எழுதினால் அது ஊகம் இல்லை, ஏமாற்று வேலை. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் சொல்வதையும், போனில் பேசி அனுப்புகிறவர்கள் சொல்வதையும் எதிர்ப்பக்கத்தில் குறித்துக்கொள்வேன்.

நீடாமங்கலத்தில் ஒரு தையல்காரி தொடர்கதை எழுதுகிறாள் என்றதும் முதலில் சிரித்தார்கள். இப்போது கேட் மூடிக்கிடக்கிற நேரத்தில் படிக்கிறார்கள். எங்கள் ஊர் ரயில்வே கேட்டைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நெல் மூட்டை ஏற்ற வந்த சரக்கு ரயிலின் இன்ஜின் முன்னே போய்ப் பின்னே வந்து முடிப்பதற்குள் ஒரு பகுதியைப் படித்து, என்னைத் திட்டியும் முடித்துவிடலாம். குழுவில் மன்னார்குடி, வலங்கைமான், கூத்தாநல்லூர் பக்கத்துப் பெண்கள் நிறைய. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன நம் பிள்ளைகள் கொஞ்சம். சிங்கப்பூரில் ஒரு சித்தி. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் உண்டு. அவர் கண்ணுக்கு ஒற்றுப்பிழை மட்டும்தான் தெரியும். அவர் என்ன சொல்வார் என்று ஊகிக்க நோட்டே தேவையில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்விக்கு அம்மா இல்லை. அப்பா கோயில் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறவர். அண்ணன் திருப்பூரில். செல்வி மன்னார்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு பையன். மேற்கொண்டு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், அது ஒன்றும் புதிதில்லை. அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று அப்பா திருப்பூர் போயிருக்கிற சமயம் பார்த்து அவள் வீட்டைவிட்டுப் போகிறாள். கொல்லைப்பக்கமாக வெளியே வரும்போது கொட்டகையில் மாடு தலையைத் தூக்கிப் பார்க்கிறது. இவள் அதன் முகத்தைப் பார்க்காமல் போய்விடுகிறாள். அவ்வளவுதான், ஒரே வரி. அப்புறம் மன்னை எக்ஸ்பிரஸ்.

அந்த வாரத்து ஊகப் பக்கம் நீளம். பெரியவர்கள் வைவார்கள், கல்லூரிப் பெண்கள் கைதட்டுவார்கள், "பெத்த மனசு என்ன பாடுபடும்" என்று குறைந்தது நாலு பேராவது சொல்வார்கள், இரண்டு பேர் குழுவைவிட்டே வெளியேறுவார்கள் என்று எழுதியிருந்தேன்.

முதலில் வந்தது சிங்கப்பூர்ச் சித்தி. அங்கே நேரம் நள்ளிரவு தாண்டியிருக்கும். "ஏம்மா, அப்பனும் ஊர்ல இல்ல. அந்த மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா?"

விடிந்ததும் கடைக்குப் பால்கார அக்கா வந்தாள். ஷட்டரை நான் முழுசாகத் தூக்கக்கூட இல்லை. "சினை மாடு வேற, கட்டுத்தறியில கெடக்கு. அவ போறா போவட்டும், பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவக்கூடாதா?" இரண்டாம் பகுதியில் சினை என்று ஒரே ஒரு சொல் போட்டிருந்தேன். அதை அவள் நெஞ்சில் வைத்திருந்தாள். அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. காதல் சரியா தப்பா என்று பேசவே ஆளில்லை. வாத்தியார்கூட ஒற்றுப்பிழையை விட்டுவிட்டு, மாடு எத்தனை நேரம் தண்ணீர் இல்லாமல் தாங்கும் என்று எழுதினார்.

இன்னொரு கூட்டம் ரயிலைப் பிடித்துக்கொண்டது. "மன்னை எக்ஸ்பிரஸ்ல ஏறினா பெட்டிக்குப் பெட்டி நம்ம ஊர்க்காரன்தான் இருப்பான். எந்தக் கிறுக்கியாச்சும் அதுல ஏறி ஓடுவாளா? பஸ்ஸுல தஞ்சாவூர் போயி அங்கேருந்து திருச்சி போவணும்." சொன்னது அறுபது வயது தாண்டிய ஒரு பெரியம்மா. வழி இவ்வளவு சுத்தமாக அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரத்தோடு என் ஊகிக்கிற முறையே மாறிப்போனது. எந்தச் சம்பவம் அதிரவைக்கும் என்று பார்ப்பதை விட்டேன். இந்தப் பகுதியை முடிக்கும்போது யாரைக் கட்டுத்தறியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று மட்டும் பார்க்கிறேன். சாப்பாட்டுக்கோ பதிலுக்கோ பணத்துக்கோ இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்கிற ஆள் எவரோ, அந்த ஆள்தான் அடுத்த வாரத்துப் பேச்சு. ஓடிப்போனவள் தன் காலில் போகிறாள், அவளுக்காக வாசகர் ஏன் பதற வேண்டும்?

மேட்டூரில் தண்ணீர் திறக்கிற பகுதியை எழுதியபோது இதைச் சோதித்துப் பார்த்தேன். ஜூன் 12இல் அணை திறந்து, கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் தண்ணீர் எங்கள் ஊர் மூணாறு தலைப்புக்கு வருகிறது. அங்கேதான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும். செல்வியின் அப்பா மற்ற விவசாயிகளோடு நின்று பூவும் நெல்லும் தூவுகிறார். மகள் போன பிறகு அந்த மனுஷர் முதல்முறையாகச் சிரிக்கிற இடம். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் நோட்டில் அப்பாவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. "முத்துப்பேட்டை அத்தை" என்று எழுதி வைத்தேன். கதையில் அவருடைய அக்கா ஒருத்தி ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற அந்தக் கடைமடைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், ஒரு தடவை பெயர் மட்டும் வந்திருக்கிறது.

வெள்ளி மதியத்துக்குள் திருத்துறைப்பூண்டி பக்கமிருந்து மூன்று குரல்பதிவு. "பூவெல்லாம் நல்லாத்தான் தூவுறாங்க. கடைமடைக்கு எப்ப வரும்னு யாராச்சும் சொன்னாங்களா? அந்த அக்கா நாத்து விட்டுச்சா இல்லியா?" ஒருத்தர் 2024ஐ நினைவுபடுத்தினார். அந்த வருஷம் அணை திறந்ததே ஜூலை 28. பம்புசெட் இருந்தவன் குறுவை போட்டான், ஆற்றை நம்பினவன் வானத்தைப் பார்த்தான். டெல்டாவில் தண்ணீர் வந்தது என்று எழுதினால் பாதிப் பேருக்குத்தான் அது நல்ல செய்தி. மீதிப் பேர், எங்கே வந்தது என்பார்கள். நம் ஊர் வாசகரைப் பற்றி இதைவிட வேறென்ன தெரிய வேண்டும் எனக்கு?

வேறொன்றும் தெரிய வேண்டியிருந்தது. அது கடையிலேயே கிடைத்தது.

மாமியாரும் மருமகளுமாகத் துணி கொடுக்க வருவார்கள். மாமியார் ஸ்டூலில், மருமகள் கண்ணாடிக்கு முன்னால். தோளுக்கு டேப் வைத்துக்கொண்டே "இந்த வாரம் எப்படி?" என்று கேட்பேன். "செல்வி பண்ணது தப்புக்கா. அப்பாவ நெனச்சாளா?" என்பாள் மருமகள். மாமியார் தலையாட்டுவார். அதே மருமகள் ராத்திரி ஒன்பதரைக்கு, பாத்திரம் தேய்க்கிற சத்தத்துக்கு நடுவே, குரலைத் தாழ்த்திப் பேசி அனுப்புவாள்: "அக்கா, தயவுசெஞ்சு அவளத் திரும்பி வர வெச்சுடாதீங்க." அவள் சொன்ன இரண்டில் எதை நான் எதிர்ப்பக்கத்தில் எழுதுவது? இரண்டையும் எழுதுகிறேன், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்து. மாமியார் மட்டும் சளைத்தவரா? தனியாக ரவிக்கை வாங்க வந்தபோது, "அந்தப் பய நல்லவன்தானே? அதைச் சொல்லு மொதல்ல" என்று கேட்டுவிட்டுப் போனார். வாசகர் என்ன சொல்வார் என்று ஊகிப்பவர்கள், எந்த நேரத்தில், யார் காதுபட என்பதையும் சேர்த்து ஊகித்தால்தான் கணக்கு நேராகும்.

வலங்கைமானில் என் அத்தை ஒருத்தி இருந்தாள். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து, சாக்கு ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைத்திருப்பாள். பக்கத்தின் பின்னால் பாதி ஜோக், பாதி தைல விளம்பரம். கல்கி பத்திரிகை ‘பொன்னியின் செல்வ’னை மறுபடியும் தொடராகப் போட்டபோது சேர்த்த கட்டு என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு வாரத்து முடிவிலும் பென்சிலால் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று அத்தை எழுதியிருக்கிறாள். ஆதித்த கரிகாலன் சாகிற இடத்தில் ஒரு பெயர் எழுதி அடித்து, இன்னொன்று எழுதி அடித்து, அதற்கும் கீழே ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியை அழித்து எழுத அத்தைக்கு வழி கிடைக்கவே இல்லை. கதை கொன்றது யார் என்று உடைத்துச் சொல்லாமலே முடிந்துவிடுகிறது.

அதை எழுதிய கல்கி எங்கள் பழைய தஞ்சாவூர் ஜில்லாக்காரர். மாயவரத்துக்குப் பக்கத்துப் புத்தமங்கலம். 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை மூன்றரை வருஷம் வாராவாரம் அந்தத் தொடரை எழுதினார். அவ்வளவு எழுதியும், கதை முடிந்ததும் அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டுக் குடைய, தனியாக ஒரு முடிவுரை எழுதி அவர்களுக்குப் பதில் சொன்னார். பட்டாபிஷேகத்தோடு எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தால், கூடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கட்டுத்தறியில் யார் யார் நிற்கிறார்கள் என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஜெயகாந்தன் விஷயம் வேறு மாதிரி. 1966இல் விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. மழையில் காரில் ஏறிக் கெட்டுப்போய் வந்த மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் தாய். அந்தத் தாய் செய்தது சரியா என்று ஊரே இரண்டாகி நின்றது. கண்டனம், பதில் கதை, வேறு முடிவு என்று எழுதினவர்கள் ஏராளம். அவர் என்ன செய்தார்? சரி, தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று ஒரு முழு நாவலை எழுதினார். அதுவும் தொடராகத்தான் வந்தது, பிறகு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று புத்தகமாகி 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கியது. வாசகர் கோபத்தை இவ்வளவு மரியாதையாக நடத்தினவர் வேறு யாரும் என் நினைவுக்கு வரவில்லை. அதே சமயம், கேட்டவர்கள் சந்தோஷப்படும்படியும் எழுதவில்லை பாருங்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிச் சலித்துப்போய், கானன் டாயில் 1893 டிசம்பரில் அவனை அருவியில் தள்ளிவிட்டார். பத்திரிகைக்கு 20,000க்கும் மேலே சந்தா போயிற்று என்பார்கள். கடைசியில் 1903இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வர வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால், ஹோம்ஸ் செத்ததற்காக மட்டும் அவர்கள் கோபப்படவில்லை. அவன் கூட்டாளி வாட்சனை அங்கே தனியாக நிற்கவைத்ததும் ஒரு காரணம்.

ஆங்கில எழுத்தாளர் டிக்கன்ஸின் விஷயம் என் கணக்குக்குள் அடங்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 1836இல் அவருடைய முதல் தொடர் சில நூறு பிரதிதான் போய்க்கொண்டிருந்தது. நான்காவது பகுதியில் ஒரு சத்திரத்து முற்றத்தில் பூட்ஸ் துடைக்கிற சாம் வெல்லர் என்று ஒருவன் வந்தான். வாயாடி. அவன் வந்த பிறகு ஏறின விற்பனை, தொடர் முடியும்போது 40,000. அவன் யாரையும் எதிர்பார்த்து நிற்கிற ஆள் இல்லை. வந்தான், பேசினான், பிடித்துப்போயிற்று. என் கதையிலும் அப்படி ஒருவன் இருக்கிறான், மன்னார்குடி பஸ் ஸ்டாண்ட் டீ மாஸ்டர். செல்விக்கு மிச்சச் சில்லறை கொடுக்க மட்டும் கொண்டுவந்தேன். அவனுக்குக் கல்யாணமாகிவிட்டதா என்று இரண்டு பேர் கேட்கிறார்கள்.

எதிர்வினையிலேயே எனக்குப் பயமான வகை ஒன்று உண்டு. செல்வி வீடு எந்தத் தெரு என்று நான் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அப்பா பண்ணையாரை எப்படிக் கூப்பிடுகிறார், எந்தச் சாமிக்குக் கிடா வெட்டுகிறார், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாரா நின்றுகொண்டே குடித்தாரா என்பதை வைத்து. ஆளுக்கொரு தெரு சொன்னார்கள் என்பது வேறு விஷயம். சுஜாதா குமுதத்தில் 1857 சிப்பாய்ப் புரட்சியை வைத்து ஆரம்பித்த ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’, ஒரு சமூகத்தினரின் எதிர்ப்பால் பாதியில் நின்றது. பிறகு மாற்றி ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று எழுதினார். அவ்வளவு பெரிய எழுத்தாளருக்கே அந்தக் கதி. எனக்குக் குமுதம் இல்லை, கடை ஷட்டர் இருக்கிறது. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நோட்டில் எழுதுவதோடு நிற்பதில்லை. சில வாரம் பகுதியைப் போடுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுகிறேன். கதையைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. யார் வீட்டு வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்பது மட்டும் அவருக்கு அத்துப்படி.

யாருமே ஒன்றும் சொல்லாத வாரங்களும் வரும். அதில் இரண்டு தினுசு. குறுவை நடவு, தீபாவளித் துணி நெருக்கடி, தை மாதக் கல்யாணங்கள் என்றால் யாருக்கும் படிக்க நேரமில்லை. எனக்குமே எழுத நேரமிருக்காது. அது பேச்சில்லாத வாரம், விட்டுவிடலாம். இன்னொன்று, எல்லோரும் படித்துவிட்டுப் பேசாமல் இருப்பது. செல்வியின் மாமியார் அவள் சம்பளக் கவரைப் பிரிக்காமல் அப்படியே வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுகிற பகுதிக்கு அப்படித்தான் ஆயிற்று. ஒரு கைகூப்புப் படம்கூட வரவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை அளவு கொடுக்க வந்த ஒரு பெண், பாவாடைக்கு உள்பக்கமாகப் பை வைத்துத் தைக்க முடியுமா என்று கேட்டாள். "கொஞ்சம் ஆழமா வைங்கக்கா" என்றாள். கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தைத்துக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் "பை" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

வாசகர்கள் என்னை ஊகிப்பதும் நடக்கிறது. போன மாதம் கூத்தாநல்லூர் அக்கா ஒருத்தர் மூன்று பகுதிக்கு அப்பால் வரப்போவதை அப்படியே சொல்லிவிட்டார். தெரிந்துவிட்டதே, மாற்றிவிடு என்றான் என் தம்பி. மாட்டேன் என்றேன். பார்த்துப் பார்த்துக் கோத்து வைத்ததை ஒருவர் பிடித்துவிட்டால் அவர் கவனமாகப் படித்திருக்கிறார் என்று அர்த்தம். அவரை ஏமாற்றுவதற்காக நூலை அறுத்தால், கவனித்துப் படித்ததற்குத் தண்டனை கொடுத்த மாதிரி ஆகும். அந்தப் பகுதி வந்த அன்று அக்கா குழுவில் கொட்டம் அடித்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே!" அந்த வாரம் அவரைவிடச் சந்தோஷமாக இருந்தவர் யாரும் இல்லை.

மாடு என்ன ஆயிற்று என்று புதிதாக வந்தவர்கள் கேட்பீர்கள். பக்கத்து வீட்டுக் கிழவி தாழ்வாரத்திலிருந்து சத்தம் கேட்டு வந்து தண்ணி காட்டினாள். கன்று பிறந்தது, கிடாரி. அந்தக் கிழவிக்கு இப்போது தனி ரசிகர் கூட்டம். அவளுக்குக் கண் ஆபரேஷன் செய்துவைக்கச் சொல்லி மூன்று பேர் மனு கொடுத்திருக்கிறார்கள்.

வருகிற வியாழக்கிழமைப் பகுதியில் கொள்முதல் நிலையத்தில் அப்பாவின் நெல் குவிந்து கிடக்கிறது. ஈரப்பதம் கூடுதல் என்று எடுக்க மறுக்கிறார்கள், 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது. அதே சமயம் ஊர் எல்லையில் செல்வி பஸ்ஸை விட்டு இறங்குகிறாள், இடுப்பில் கைக்குழந்தை. தார்ப்பாய் பாதிக் குவியலுக்குத்தான் காணும். ஊகத்தை எழுதி, தேதி போட்டு, நோட்டை மூடிவிட்டேன். இங்கே சொல்ல மாட்டேன். குழுவில் இருக்கிறவர்கள் பாதிப் பேர் இதையும் படிக்கிறீர்கள்.